காத்துப்பையும் கலர் திரையும்

எங்க வீட்டு ஃப்ரீசரைத் திறக்கும்போதெல்லாம் தங்கமணி என்னை ஒரு முறை முறைக்கிறாங்க. கொத்தமல்லி வைக்கக்கூட இடமில்லாம மீனா அடுக்கி வெச்சிருக்கேன். எல்லாம் ஒரே நாள்ல பிடிச்சது. அந்தக் கதைதான் இது.

மீனோட பேர் கிராப்பி. நம்மூர் கிராப்பு வெட்டுறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. உள்ளங்கை அகலத்துல, வெள்ளி உடம்புல கரும்புள்ளியோட இருக்கும் ஏரி மீன். வாய்த்தோல் காகிதம் மாதிரி, வேகமா இழுத்தா கிழிஞ்சுடும். சதை பஞ்சு மாதிரி. லூசியானாக்காரங்க இதை 'சாக்கலே', அதாவது பால் பைன்னு கூப்பிடறாங்கன்னா பாத்துக்கோங்க.

நான் டாலஸ்ல பொட்டி தட்டுறவன். எங்க டீம்ல ரிடயர் ஆகப்போற டெக்சாஸ்காரர் ஒருத்தர் இருக்கார். ஊர் வழக்கப்படி பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன், இங்க பெரியவர்னு வெச்சுக்குவோம். சின்ன வயசுல தாமிரபரணியில தூண்டில் போட்டிருக்கேன்னு ஒருநாள் உளறிட்டேன். "அப்ப வா, லைசென்ஸ் எடுத்துக்கோ"ன்னுட்டார்.

2023 நவம்பர்ல முதல் தடவை போனோம். படகோட முன்பக்கம் ஒரு கம்பு, கம்போட நுனியில தண்ணிக்குள்ள சோனார் பெட்டி, மேல கலர் திரை. கார்மின் கம்பெனி 2018ல கொண்டுவந்த லைவ்ஸ்கோப் சமாச்சாரம். பழைய சோனார் நம்ம லாக் ஃபைல் மாதிரி. படகு ஏற்கனவே தாண்டி வந்த இடத்தைத்தான் காட்டும். இது லைவ் டீபக்கிங். கம்பை எந்தப் பக்கம் திருப்பறோமோ, அந்தப் பக்கம் இந்த நொடி என்ன நடக்குதுன்னு படமா ஓடும். தண்ணிக்குள்ள சத்தம் நொடிக்கு சுமார் 1,500 மீட்டர் போகும். 30 அடியில இருக்கற மீன்ல பட்டு எதிரொலி திரும்பி வர 12 மில்லி செகண்ட் போதும். எங்க ஆபீஸ் சர்வர் இவ்ளோ சீக்கிரம் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை :-)

திரையில முங்கிப்போன மரக்கிளை தெரியுது. கிளைக்கு நடுவுல அரிசி தூவினாப்புல மீனுங்க. என் தூண்டில் முள் ஒரு சின்னப் புள்ளியா இறங்கறதும் தெரியுது. "கீழ விடாதே, தலைக்கு மேல நிறுத்து"ன்னார் பெரியவர். கிராப்பி மேல பார்த்து இரை தேடற மீன். முள்ளு அதுக்குக் கீழ போயிட்டா சட்டையே பண்ணாது. ஒரு அடி மேல நிறுத்தினேன். ஒரு புள்ளி மத்ததை விட்டுப் பிரிஞ்சு மெதுவா மேல வந்துச்சு. ரெண்டு புள்ளியும் ஒட்டின நொடி கையில 'டொக்'. சத்தியமா சொல்றேன், வீடியோ கேம் எல்லாம் பிச்சை வாங்கணும்.

அப்புறம்தான் சிக்கல். டெக்சாஸ்ல பொதுவா 10 இஞ்சுக்குக் குறைவான கிராப்பியைத் திரும்ப விட்டுடணும். அன்னிக்கு வந்ததுல பத்து பொடிசு. ஒழுங்கா தண்ணியில விட்டேன். ஏழு உள்ள போகவே இல்லை. பக்கவாட்டில சாஞ்சு, வாலை அடிச்சுக்கிட்டு மேலயே மிதந்துச்சு. ஒண்ணைக் கையால கீழ அழுத்திக்கூட விட்டேன். பந்து மாதிரி திரும்பி வந்துச்சு. ஒரு கடல்புறா வந்து கொத்திட்டுப் போச்சு. அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கலை.

காரணம் பள்ளிக்கூட இயற்பியல்தான். மீனுக்குள்ள காத்துப்பை இருக்கு. 33 அடி ஆழத்துல அழுத்தம் மேல இருக்கறதைப் போல ரெண்டு மடங்கு. அங்கிருந்து மளமளன்னு இழுத்தா உள்ள இருக்கற காத்து ரெண்டு மடங்கா உப்பிடும். சில மீனுங்க வாய் வழியா காத்தை விட்டுடும். கிராப்பிக்கு அந்த வழி கிடையாது, ரத்தத்துல கொஞ்சம் கொஞ்சமாத்தான் கரைக்கணும். அதுக்கு நாம எங்க நேரம் குடுத்தோம்?

இதுல என்னைக் குடைஞ்ச விஷயம் வேற. சோனார்ல மீன் தெரியறதே பெரும்பாலும் அந்தக் காத்துப்பையாலதான். சதை கிட்டத்தட்ட தண்ணி மாதிரி, சத்தம் அதைத் தாண்டிப் போயிடும். காத்துல பட்டாத்தான் பளிச்சுன்னு திரும்பும். எது அதைக் காட்டிக் கொடுக்குதோ, அதுவேதான் அதைக் கொல்லவும் செய்யுது.

டிசம்பர்ல பெரியவர் லேக் ஃபோர்க்குக்குக் கூட்டிட்டுப் போனார். 1980ல அணை கட்டின, சுமார் 27,000 ஏக்கர் ஏரி. மரங்களோடயே தண்ணியை நிரப்பிட்டாங்க. டெக்சாஸோட சாதனை பாஸ் மீன், 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில இங்க கிராப்பிக்குத் தூண்டில் போட்டிருந்தவர்கிட்டதான் மாட்டுச்சு. அங்க டிசம்பர் 1லேருந்து பிப்ரவரி கடைசி வரைக்கும் தனி விதி. அளவு கிடையாது. பிடிச்ச முதல் 25 கிராப்பியையும் எடுத்துட்டே போகணும், திரும்ப விடக்கூடாது. குளிர்ல மீன் ஆழத்துக்குப் போயிடும், விட்டாலும் பிழைக்காதுன்னுதான் இந்த விதி. நவம்பர்ல நான் பார்த்ததைச் சட்டமாவே எழுதி வெச்சிருக்காங்க.

மதியத்துக்குள்ள என் கணக்கு 25. திரையில இன்னும் அரிசி மாதிரி நிக்குது. "இன்னும் ஒண்ணு, சும்மா பிடிச்சுட்டு விட்டுடறேனே"ன்னேன். ஏழு மீன் மிதந்ததைப் பார்த்தவன்தான் கேக்கறேன், கவனிங்க. பெரியவர் ஒண்ணும் சொல்லலை. கையை நீட்டித் திரையை அணைச்சார்.

அவ்ளோதான். இருந்த மீனெல்லாம் காணோம். கறுப்பா தண்ணி, அதுல மொட்டை மரம். எனக்குக் கோவமும் வெக்கமும் சேர்ந்து வந்துச்சு.

ஆத்துல சோளத்தட்டைத் தக்கையைப் பார்த்துட்டு அப்பாவோட உக்காந்திருந்த காலத்துல ரெண்டு கெண்டை கிடைச்சாலே பெரிசு. எங்களுக்கு அப்ப பெரிய மனசுன்னு அர்த்தம் இல்லை. தண்ணிக்குள்ள என்ன இருக்குன்னு தெரியலை, அதனால தானா நிறுத்திட்டோம். இப்ப எல்லாம் தெரியுது. நிறுத்தற வேலையும் நம்ம தலையில வந்து விழுந்திருக்கு.

மறுபடியும் போவேனான்னா, போவேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனா குளிர்காலத்துல பொடிசைத் திரும்ப விடச்சொல்ற ஏரியில 35 அடிக்கு முள்ளை இறக்க மாட்டேன். வசந்தத்துல முட்டையிட அதுங்களே கரையோரம் வரும், இடுப்பளவு தண்ணியில பிடிச்சுக்கலாம்.

முதல் நாள் மீனைப் புளிக்குழம்பு வெச்சோம், சதை கரைஞ்சு குழம்போட போயிடுச்சு. பெரியவர் சொன்னபடி சோளமாவுல பொரட்டிப் பொரிச்சா அருமை. தட்டு காலியானதும் தங்கமணி கேட்டாங்க: "இன்னும் எத்தனை இருக்கு?"

பதினேழு. ஒண்ணைக்கூட வீணாக்கறதா இல்லை.