துண்டில்லாமல் வாங்கிய குளிசை

கிராமத்துப் பெண்களைக் கூட்டிவைத்துக் குடும்பத் திட்டமிடல் பற்றிப் பேசுவது என் வேலையின் ஒரு பகுதி. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள் வேறு. அப்படிப்பட்ட நான், எனக்கென்று வந்தபோது என்ன செய்தேன் என்பதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

இரண்டாவது பிள்ளைக்கு மூன்று வயதானபோது கருத்தடைக் குளிசை பாவிக்க முடிவு செய்தேன். எங்கள் பகுதிக் குடும்பநல மாது அம்மாவோடு கோயிலுக்குப் போகிறவர். கிளினிக்கில் இருப்பவர்களும் தெரிந்த முகங்கள். ஆகவே அடுத்த ஊர்ப் பாமசிக்குப் போனேன். வைத்தியரின் துண்டும் கேட்கவில்லை, வயதும் கேட்கவில்லை. தாளில் சுற்றித் தந்தார்கள். இவ்வளவு சுலபமா என்று மகிழ்ந்தேன்.

நான்கு மாதங்களில் அடிக்கடி தலையிடி வந்தது. வெயிலில் அலைவதால்தான் என்று நினைத்தேன். ஒருநாள் ஒரு கர்ப்பிணித் தாயைக் கிளினிக்குக் கூட்டிப்போனபோது, "முகம் வாடிக் கிடக்கு, உனக்கும் ஒருக்காப் பிரசர் பாப்பம் பிள்ளை" என்றார் மிஸ்ஸி. 150க்கு 96.

"ஏதும் குளிசை பாவிக்கிறியோ?"

உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை. "தொடங்க முதல் பிரசர் பாத்தனியோ?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

நான் பாவித்தது ஈஸ்ரஜன், புரஜெஸ்ரஜன் என்னும் இரண்டு ஹோர்மோன்களும் சேர்ந்த குளிசை. பெரும்பாலானோருக்கு அது பாதுகாப்பானதே. ஆனால் ஈஸ்ரஜன் சிலருக்குப் பிரசரைக் கூட்டும். அரிதாக இரத்தக்குழாயில் கட்டியையும் உண்டாக்கும். பிரசர் உள்ளவர்கள், கண்ணில் மின்னல் தெரிந்து ஒற்றைத் தலையிடி வருபவர்கள், முன்பு இரத்தக்கட்டியோ பாரிசவாதமோ கண்டவர்கள், கைக்குழந்தைக்குப் பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கு அது ஏற்றதல்ல. காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின், வலிப்புக்கான சில மருந்துகள் ஆகியவை குளிசையின் பலனையே குறைத்துவிடும்.

2023 யூலையில் அமெரிக்காவில் தினமும் எடுக்கும் கருத்தடைக் குளிசை ஒன்றைத் துண்டில்லாமல் விற்க முதன்முறையாக அனுமதி கிடைத்தது. அது புரஜெஸ்ரஜன் மட்டும் உள்ள குளிசை. இரண்டும் சேர்ந்த குளிசைக்கு அங்கே இன்றும் துண்டு வேண்டும். காரணம் இதுதான்.

பாமசியில் கிடைப்பது தரம் குறைந்ததென்று நான் சொல்லவில்லை. கிளினிக் நாளில் கூலியை இழக்க முடியாதவளுக்கும், மாமிக்குத் தெரியாமல் எடுக்க வேண்டியவளுக்கும் அந்தக் கடைதான் வழி. அதை அடைக்கக் கூடாது. குளிசையைக் கையில் தருமுன் கேட்கப்படும் நாலு கேள்விகளில்தான் வித்தியாசம் இருக்கிறது. கிளினிக்கில் அந்தக் கேள்விகளும் இலவசம், குளிசையும் இலவசம்.

அன்றே குளிசையை நிறுத்தினேன். சில வாரங்களில் பிரசர் இறங்கியது. அதுவரை ஆணுறை பாவித்தோம். பிறகு ஹோர்மோன் இல்லாத லூப் போட்டுக்கொண்டேன்.

இப்போது கூட்டங்களில் முதலில் என் கதையைத்தான் சொல்கிறேன். சென்ற மாதம் கூட்டம் முடிந்ததும் இருவர் தனித்தனியே வந்தார்கள். இருவரின் கைப்பையிலும் தாளில் சுற்றிய பக்கற். இருவரும் பிரசர் பார்த்ததில்லை.

சகோதரிகளே, எங்கே வாங்கினாலும் வாங்குங்கள். ஆனால் ஒருமுறை பிரசரைப் பார்த்து, உங்கள் வருத்தங்களை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். வெட்கத்தை விட உயிர் பெரிது.