சூரைச் செடியின் நிழலில்

சாவை விரும்பி இறைவனிடம் முறையிட்ட மனிதர் சிலரைத் திருவிவிலியம் நமக்குக் காட்டுகிறது. யோபு தாம் பிறந்த நாளைச் சபித்தார். எரேமியாவும் அவ்வாறே சபித்தார். நிழல் தந்த செடி வாடியது பொறாமல் யோனா சாக விரும்பினார். இவர்களுள் என் நெஞ்சுக்கு மிக நெருங்கியவர் இறைவாக்கினர் எலியா.

கர்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர் 450 பேருக்கு எதிரே தனியராய் நின்று வென்றவர் அவர். வானத்து நெருப்பு இறங்கி வந்ததைக் கண்ணாரக் கண்டவர். அந்த வெற்றியின் சூடு ஆறுமுன்னே, அரசி ஈசபேலின் மிரட்டல் ஒன்றைக் கேட்டு உயிர் தப்ப ஓடுகிறார். பெயேர்செபாவில் பணியாளை விட்டுவிட்டு, பாலைநிலத்தில் ஒரு நாள் வழி தனியே நடந்து, ஒரு சூரைச் செடியின் அடியில் அமர்கிறார். இனி வாழ வேண்டாம் என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டு அங்கேயே உறங்கிப்போகிறார்.

ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. கர்மேலை மறந்தாயோ என்று கேட்கவில்லை. வானதூதர் வந்து தொட்டு எழுப்பி உண்ணச் சொல்கிறார். சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. எலியா உண்டு, குடித்து, மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதர் அதையும் தடுக்கவில்லை. இரண்டாம் முறை எழுப்பி, இன்னும் நெடுவழி நடக்க வேண்டியிருப்பதால் உண்ணச் சொல்கிறார். அதன் பின்னரே 40 நாள் பயணம், ஓரேபு மலை, இறைவனின் கேள்வி. முதலில் அப்பம், அடுத்து உறக்கம், பிறகு நடை, கடைசியில்தான் பேச்சு. நாமோ பெரும்பாலும் பேச்சிலிருந்தே தொடங்குகிறோம்.

2009ஆம் ஆண்டு, என் 47ஆம் வயதில், மனச்சோர்வு என்னைப் பிடித்தது. பிடித்தது என்றே சொல்ல வேண்டும். நான் அதை அழைக்கவில்லை. கணித ஆசிரியன் நான். திருத்தவேண்டிய விடைத்தாள் கட்டு மேசைமீது கிடக்க, முதல் தாளைப் புரட்டவும் கை எழாமல் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பேன். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்புத் தட்டும். அதற்குப் பிறகு உறக்கம் இல்லை. ஒரு வழக்கு மன்றம் கூடும். நான் செய்ததும் செய்யாததும் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும். திருவெளிப்பாட்டில் அலகைக்குக் குற்றம் சாட்டுபவன் என்றொரு பெயர் வருவதையும், தூய ஆவியாரை ஆண்டவர் துணையாளர் என்று அழைப்பதையும் அந்த நாள்களில் அடிக்கடி எண்ணிக்கொள்வேன். குற்றச்சாட்டு மட்டுமே நடந்து, நம் பக்கம் பேச ஒருவரும் இல்லாத மன்றம் இறைவனுடையதாக இருக்க முடியாது.

வீட்டிற்கு வந்தவர்கள் நல்ல மனத்தோடுதான் வந்தார்கள். ஒருவர், கிறிஸ்தவனுக்கு மனச்சோர்வு வரலாகாது, விசுவாசம் குறைந்த இடத்தில்தான் அது நுழையும் என்றார். அவரே முழங்கால் வலிக்குத் தைலம் தடவிக்கொண்டுதான் என் வீட்டுப் படியேறினார்! என் அக்கா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பேருந்தில் வந்து இறங்கியவள், நேரே அடுக்களைக்குப் போய்க் கஞ்சி காய்ச்சினாள். "தம்பி, ரெண்டு வாய் குடிச்சிட்டுப் படுத்துக்கோ. செபமாலையை உனக்கும் சேர்த்து நானே சொல்லிக்கிறேன்" என்றாள். பத்து நாள் இருந்தாள். ஒன்பதாம் நாள் என்னை மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனவளும் அவளே.

மாத்திரை தொடங்கிய முதல் வாரத்தில் குமட்டலும் வாய் உலர்தலுமே கண்ட பலன். குணம் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்றும், தெரிந்த பின்னும் தாமாக நிறுத்தக்கூடாது என்றும் மருத்துவர் முன்னரே எச்சரித்திருந்தார். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் காலை ஐந்து மணிவரை உறங்கினேன்.

அவர் இன்னொன்றும் செய்யச் சொன்னார். மனத்தில் எழும் இருண்ட எண்ணத்தை ஒரு நோட்டில் எழுதி, அதற்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன என்று எதிரெதிரே குறிக்க வேண்டும். 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் வகுத்த சிகிச்சையிலிருந்து வளர்ந்த பழக்கம் இது. 'என்னால் ஒரு மாணவனும் பயன்பெற்றதில்லை' என்று எழுதினேன். எதிர்ப்பக்கத்தில் பெயர்களை எழுதத் தொடங்கி, 31வது பெயரில் நிறுத்தினேன்.

ஓரேபில் நடந்ததும் ஏறத்தாழ இதுவே. எல்லாரும் போய்விட்டனர், தாம் ஒருவரே எஞ்சியிருப்பதாக எலியா முறையிடுகிறார். காற்றும் நிலநடுக்கமும் நெருப்பும் மெல்லிய ஒலியும் கடந்த பின்னர் மீண்டும் கேட்டாலும், அதே முறையீட்டை மாற்றமின்றி ஒப்பிக்கிறார். சோர்ந்த மனம் அப்படித்தான், தேய்ந்த இசைத்தட்டுப் போல ஒரே இடத்தில் சுழலும். இறைவன் சலித்துக்கொள்ளவில்லை. அவருக்குச் செய்ய வேலையும், உடன் நடக்க எலிசாவையும் தருகிறார். பின்னரே ஒரு கணக்கைச் சொல்கிறார்: பாகாலை வணங்காதவர் இஸ்ரயேலில் 7000 பேர் இருக்கின்றனர். சூரைச் செடியின் அடியிலேயே இந்த எண்ணிக்கையைச் சொல்லியிருந்தால் எலியாவின் காதில் விழுந்திருக்குமா என்பது ஐயமே.

வேலையை விட்டுவிடும் கடிதம் ஒன்றையும் அந்நாள்களில் எழுதி வைத்திருந்தேன். பங்குத்தந்தை அதை வாங்கி வாசித்துவிட்டு, ஆறுதலற்ற வேளையில் முன்னைய தீர்மானத்தை மாற்றலாகாது என்னும் புனித இஞ்ஞாசியாரின் விதியைச் சொல்லி, ஆறு மாதம் கழித்துத் தருவதாகத் தம் மேசைக்குள் வைத்துக்கொண்டார். மன்ரேசாவில் உயிரை மாய்த்துக்கொள்ளும் சோதனையையே கடந்துவந்த மனிதரின் விதி அது. ஆன்மீக வறட்சியும் மனச்சோர்வு நோயும் ஒன்றல்ல என்பதையும், ஒன்றுக்குரிய மருந்தை மற்றொன்றுக்குத் தரக்கூடாது என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

செபம் பற்றிக் கேட்பீர்கள். மகிழ்ச்சிப் பாடல்கள் என் வாயில் மண்ணாய் இருந்தன. திருப்பாடல் 88 மட்டும் இயன்றது. பிற புலம்பல்களைப் போல அது இறுதியில் நம்பிக்கைக்குத் திரும்புவதில்லை, இருளிலேயே முடிகிறது. அதைத் திருச்சபை வெள்ளிக்கிழமைதோறும் இரவுச் செபத்தில் வைத்திருக்கிறது. ஒளி தெரியாதவனுடைய குரலும் செபம்தான் என்று ஏற்றுக்கொண்ட தாய் அவள். முற்காலச் சட்டம் தற்கொலை செய்தோர்க்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. கடும் உளநோய் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கலாம் என்று 1992ஆம் ஆண்டின் மறைக்கல்வி ஏடும் கற்பிக்கிறது. நம் நாட்டின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமும், உயிர்விட முயன்றவரைக் கடும் மனஉளைச்சலுக்கு ஆளானவராகவே கருதச் சொல்கிறது. 2022 முதல் 14416 என்ற எண்ணில் இரவு பகலாகக் கட்டணமின்றி, தமிழிலும் பேசலாம். வீட்டின் செப மேசைமேல் அந்த எண்ணை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

எங்கள் அன்பியத்தில் ஒருவர் ஓராண்டாகக் கதவைத் திறப்பதில்லை. புதன்தோறும் பள்ளி விட்ட பிறகு செல்லும் பழக்கம், ஓய்வுபெற்ற பின்னும் அதே நேரத்தில் தொடர்கிறது. மனைவி கட்டித்தரும் இட்லியை வைத்துவிட்டு, அரைமணி நேரம் திண்ணையில் இருந்துவிட்டு வருவேன். முதல் ஐந்து வாரம் பாத்திரம் அப்படியே திரும்பியது. சென்ற வாரம் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளிருந்து ஒரு குரல், "சார், மணி என்ன?" என்று கேட்டது. ஐந்தரை என்றேன்.