கக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம்

1910, திருக்கோவிலூர்

கும்பகோணத்திலும் சென்னையிலும் எஃப்.ஏ. படித்துப் பார்த்தாயிற்று. கணக்கைத் தவிர மற்ற பாடங்கள் காலை வாரிவிட்டன. போன வருஷம் கல்யாணமும் ஆகிவிட்டது. தாலுகா ஆபீசிலோ முனிசிபாலிட்டியிலோ ஒரு குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தால் போதும் என்று டெபுடி கலெக்டர் வி. ராமசாமி ஐயர் முன்னால் நிற்கிறார் ராமானுஜன். டெபுடி கலெக்டர்களுக்கா பஞ்சம்? இவர் 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். தேடிப் போன ஆளில்தான் சூட்சுமம்.

நோட்டைப் புரட்டிய ஐயர் வேலை தரவில்லை. இப்படிப்பட்ட மூளையை ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்காரவைத்து நசுக்க அவருக்கு மனம் வரவில்லை. சென்னை நண்பர்களுக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்து அனுப்பிவைத்தார்.

1910 டிசம்பர், நெல்லூர்

குட்டையான, தடித்த உருவம். சவரம் காணாத முகம். உடையும் அவ்வளவு சுத்தமில்லை. கண்கள் மட்டும் மின்னுகின்றன. கக்கத்தில் நைந்துபோன நோட்டு. சிபாரிசு கைமாறி நெல்லூர் வந்து சேர்ந்த ராமானுஜனைப் பற்றிக் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ் பின்னாளில் எழுதிவைத்த சித்திரம் இது.

வந்தவர் உடனே நோட்டைப் பிரித்து விளக்கத் தொடங்கினார். ராவும் கணிதம் அறிந்தவர்தான், ஆனாலும் பிடிபடவில்லை. இன்னொரு நாள் வரச் சொன்னார். அடுத்த தடவை ராமானுஜன் வேறு ஆளாக வந்தார். எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு தெரியும், எங்கே தடுக்கும் என்று அதற்குள் எடை போட்டுவிட்டிருந்தார். எளிய முடிவுகளில் ஆரம்பித்தார். புத்தகத்தில் இல்லாதவை அவை, ஆனால் ராவுக்குப் புரிந்தன. அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டுபோய், விரிதொடர்கள் வரை கொண்டு சேர்த்தார்.

கூச்ச சுபாவி என்று அவரைப் பற்றிப் பாடப்புத்தகப் பாணியில் சொல்லி வருகிறோம். கூச்சம் இருந்திருக்கலாம். ஆனால் கேட்பவருக்குத் தக்கபடி சரக்கைப் பிரித்து வைக்கும் இந்தச் சாமர்த்தியம், கடைவீதியில் நாற்பது வருஷம் உட்கார்ந்தவருக்கும் லேசில் வராது.

என்ன வேண்டும் என்று கலெக்டர் கேட்டார். ஆராய்ச்சி செய்துகொண்டிருக்க, வயிற்றுப்பாட்டுக்குக் கொஞ்சம் பணம். மாதம் 25 ரூபாய் வரத் தொடங்கியது.

1911, சென்னை

கணிதக் கழக இதழில் வாசகர்களுக்கு ஒரு புதிர் போடுகிறார்: வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று என்று முடிவில்லாமல் போகும் ஒரு கோவை, மதிப்பு என்ன? மாதங்கள் போகின்றன, விடை வரவில்லை. கடைசியில் அவரே சொல்கிறார்: 3.

1912 பிப்ரவரி 9, திருவல்லிக்கேணி

எத்தனை நாள் இன்னொருவர் பணத்தில் சாப்பிடுவது? துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா இடம் காலி என்று கேள்விப்பட்டு மனுப் போடுகிறார். படிப்பு விஷயத்தை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்: எஃப்.ஏ. வரை படித்தேன், சில அசந்தர்ப்பங்களால் தொடர முடியவில்லை. அடுத்த வரியிலேயே, முழு நேரமும் கணிதத்தில்தான் செலவிட்டு வருகிறேன் என்கிறார். வேலை கொடுத்தால் நன்றாகச் செய்வேன் என்று நம்பிக்கையோடு ஒரு வாக்கியம். கூடவே மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் சிபாரிசு. தோற்ற கதையை மறைக்கவும் இல்லை, அதிலேயே உட்கார்ந்து அழவும் இல்லை. மார்ச் 1 அன்று, மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலை.

1913 ஜனவரி 16, சென்னை

கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு கணித அறிஞர்களுக்கு எழுதிப் பலன் இல்லை. மூன்றாவது கடிதம் ஜி.எச். ஹார்டிக்கு.

சென்னைத் துறைமுகக் கழகக் கணக்குப் பிரிவுக் குமாஸ்தா, வருஷத்துக்கு 20 பவுன் சம்பளம், வயது சுமார் 23 என்று அறிமுகம் செய்துகொள்கிறார். (வயது 25 முடிந்துவிட்டது, இரண்டைக் குறைத்ததை மன்னித்துவிடலாம்.) பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது, எனக்கென்று ஒரு புதுப் பாதை போட்டுக்கொண்டேன், இங்குள்ள கணித அறிஞர்கள் என் முடிவுகளைக் கண்டு திகைக்கிறார்கள் என்று கூசாமல் எழுதுகிறார்.

அதைவிடக் கெட்டிக்காரத்தனம் அடுத்து வருகிறது. ஹார்டியே எழுதிய சிறு நூலின் 36-ஆம் பக்கத்தைச் சுட்டுகிறார். ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் என்பதற்குச் சரியான கோவை இன்னும் கிடைக்கவில்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், உண்மைக்கு மிக நெருங்கிய ஒரு கோவையை நான் கண்டுபிடித்துவிட்டேன். தன் புத்தகத்தின் பக்க எண்ணைப் பார்த்த எந்த ஆசிரியர் கடிதத்தைக் கீழே வைப்பார்?

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பகா எண் முடிவு தவறு. ஆனால் கூடவே போன நூற்றுச் சொச்சம் தேற்றங்களில் சில, ஹார்டியும் அவருடைய சகா லிட்டில்வுட்டும் அதுவரை கண்ணால் பார்த்திராதவை. பொய்யாகக் கற்பனை செய்யவும் ஒருவரால் ஆகாது, ஆகவே மெய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று ஹார்டி முடிவு கட்டினார். பிப்ரவரி 8 அன்று பதில் எழுதினார். நிரூபணங்களை அனுப்பச் சொன்னார்.

1913 பிப்ரவரி 27

நிரூபணம் போகவில்லை. 1, 2, 3 என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் என் முறைப்படி வருவது கழித்தல் பன்னிரண்டில் ஒன்று. இதை வெறுமனே சொன்னால் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வழி காட்டுவீர்கள் என்று தன்னையே கேலி செய்துகொண்டு தப்பிக்கிறார். கூடவே தெளிவான ஒரு கோரிக்கை: அரைப் பட்டினியாய் இருக்கிறேன், மூளை வேலை செய்யச் சோறு வேண்டும், அனுதாபமாக நீங்கள் ஒரு கடிதம் எழுதினால் எனக்கு உபகாரச் சம்பளம் கிடைக்கும். பாராட்டு வந்த கையோடு அடுத்த உதவியைக் கேட்க நம்மில் பலருக்கு நாக்கு எழாது.

1913 மே 1

சென்னைப் பல்கலைக்கழகத்தின் உபகாரச் சம்பளம் இன்றிலிருந்து: மாதம் 75 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு. துறைமுக ஆபீஸ் பேரேட்டிலிருந்து விடுதலை. நிபந்தனை ஒன்றே ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, என்ன செய்தேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று வருஷமாக நோட்டைத் தூக்கிக்கொண்டு, ஒரு தரம் பாருங்கள் என்று ஊர் ஊராக அலைந்தவருக்கு இது!

முதல் அறிக்கை ஆகஸ்ட் 5 தேதியிட்டுப் போனது.