சர்க்கஸ் அவென்யூ, எண் 9

பார்க் சர்க்கஸ். ஏழு முனைச் சந்திப்பு. அங்கிருந்து நடந்தே போய்விடலாம்.

தெருவுக்கு இப்போது வங்கதேசத் தலைவர் ஷேக் முஜிபுர் ரஹ்மானின் பெயர். அன்று சர்க்கஸ் அவென்யூ. கதவு எண் மட்டும் மாறவில்லை. 9.

1971 ஏப்ரல் 18. ஞாயிற்றுக்கிழமை.

விடிந்தபோது இது பாகிஸ்தானின் துணைத் தூதரகம். பொழுது சாயும்போது வங்கதேசத்தின் தூதரகம். நாற்காலி அதே. உட்கார்ந்திருந்தவரும் அவரே. துணைத் தூதர் எம். ஹொசைன் அலி.

முந்தின நாள்தான் எல்லைக்கு அந்தப் பக்கம், பைத்யநாத்தலா மாந்தோப்பில், பிரதமர் தாஜுதீன் அகமதும் மற்றவர்களும் வங்கதேசத்தின் தற்காலிக அரசாகப் பதவியேற்றார்கள். கல்கத்தா பிரஸ் கிளப்பிலிருந்து விடியுமுன் நிருபர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஒரு நாள் வயசான அரசாங்கம். வெளிநாட்டில் அதற்குக் கிடைத்த முதல் கூரை இது.

அதன்மேல் ஏறிய கொடி. பச்சை. நடுவில் சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் மஞ்சளில் நாட்டின் வரைபடம்.

1972 ஜனவரியில் வரைபடத்தை எடுத்துவிட்டார்கள். துணியின் இரண்டு பக்கமும் சரியாக வரவைப்பது கஷ்டம். ஒரு பக்கம் சரியாக இருந்தால் மறுபக்கத்தில் சிட்டகாங் மேற்கே போய்விடும்.

ஹொசைன் அலி பெயர் வரலாற்றில் இருக்கிறது. அவரோடு நின்ற வங்காளி ஊழியர்கள் அறுபத்துச் சொச்சம் பேர். சொந்த ஊர் ராணுவத்தின் கையில். ஒரே நாளில் பாஸ்போர்ட் செல்லாக்காசு. அவர்கள் பெயர்ப்பட்டியலை ஒருமுறை முழுசாக வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

சம்பளம்?

கொடி ஏறுமுன்பே, தூதரகக் கணக்கில் இருந்த பணத்தை ஹொசைன் அலி வேறு கணக்குக்கு மாற்றிவிட்டார். எப்போது படித்தாலும் இந்த இடத்தில் நின்றுவிடுகிறேன். அறுபது வீட்டு அடுப்பு அந்த ஒரு கையெழுத்தில்.

ஹொசைன் அலிக்கு முன், 1968 முதல் 1970 வரை இதே பதவியில் இருந்தவர் அபுல் ஃபத்தே. 1971 ஆகஸ்டில் பாக்தாத்தில் பாகிஸ்தான் தூதர். அவரும் முதலில் வங்கிக்குத்தான் போனார். தூதரகப் பணத்தை எடுத்தார். சாலை வழியே குவைத். பிறகு லண்டன்.

வங்கதேசத்தின் முதல் வெளியுறவுச் செயலர்களில் ஒருவர்.

பாகிஸ்தான் சும்மா இருக்கவில்லை. ஹொசைன் அலியின் இடத்துக்கு மெஹ்தி மசூதை அனுப்பியது. கல்கத்தா வந்தார். கட்டடம் கிடைக்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் தன் கல்கத்தா அலுவலகம் மூடப்பட்டதாக இஸ்லாமாபாத் சொன்னது. டாக்காவில் இருந்த தன் அலுவலகத்தை இந்தியாவும் மூட வேண்டியதாயிற்று.

ஜூலை. சுவிட்சர்லாந்தின் பிரதிநிதி வந்து ஊழியர்களைக் கேட்டார். பாகிஸ்தானுக்குத் திரும்ப விருப்பமா?

இல்லை. இல்லை. இல்லை.

தியேட்டர் ரோடு, எண் 8. தற்காலிக அரசின் அலுவலகம். தாஜுதீன் அங்கேயே படுத்தார். துணியைத் தானே துவைத்துக்கொண்டார். குடும்பம் இதே ஊரில், வேறு வீட்டில்.

அந்த இடம் இப்போது அரவிந்தர் பவன். அரவிந்தர் பிறந்த இடமாகப் போற்றுகிறார்கள். கல்கத்தாவிலிருந்து கிளம்பியவர் புதுச்சேரியில் கரையேறினார், 1910 இல்.

தற்காலிக அரசில் முஷ்தாக் வெளியுறவு அமைச்சர். அவருடைய ஆள் அமெரிக்கத் துணைத் தூதரகத்தோடு தனியாகப் பேசிக்கொண்டிருந்தார். அந்தத் தூதரகம் இருக்கும் தெரு: ஹோ சி மின் சரணி.

பேக்கர் ஹாஸ்டல், அறை 24. முஜிப் மாணவராகத் தங்கிய அறை. இதுவும் கல்கத்தாதான்.

இந்தியா வங்கதேசத்தை அங்கீகரித்தது டிசம்பர் 6. விரல்விட்டு எண்ணினேன். 232 நாள்.

இருக்க இடம் கொடுத்த நாடே இன்னும் ஒப்புக்கொள்ளாத நாடு. அதன் கொடி 232 நாள் இந்த வீட்டில். மழைக்காலம் முழுக்க. கல்கத்தா மழை.

ஹொசைன் அலி பிறகு வாஷிங்டனில் தூதர். கடைசியில் கனடா. 1981 ஜனவரியில் ஒட்டாவாவில் காலமானார். அங்கே அப்போது பனி.

1971 ஏப்ரல் மாதச் சம்பளப் பதிவேடு எங்காவது இருந்தால் பார்க்க வேண்டும்.

17 ஆம் தேதி வரை ஒரு நாட்டுக்கு உழைத்த சம்பளம். 18 முதல் 30 வரை இன்னொரு நாட்டுக்கு.

கையெழுத்து ஒன்றுதான்.