நடுவில் சொருகிய ஓலை

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம் என்று ஒரு சின்ன ஊர். வைணவர்களுக்கு அது கூரத்தாழ்வான் பிறந்த ஊர். சரித்திரக்காரர்களுக்குச் செப்பேட்டு ஊர். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்த சாசனம் அது. பரமேசுவரமங்கலம் என்ற கிராமத்தை 25 பங்காகப் பிரித்து, யாருக்கு எத்தனை என்று எழுதியிருக்கிறது. பி.காம். படித்தவனுக்கு இந்த மாதிரி சமாசாரம் இனிக்கும். கூரத்துச் சிவன் கோயிலின் பூசைக்கும் பராமரிப்புக்கும் 3 பங்கு. மண்டபத்துத் தண்ணீருக்கும் நெருப்புக்கும் ஒன்று. அங்கே பாரதம் வாசிக்க ஒன்று. மிச்சம் 20-ம் நான்கு வேதம் படித்த 20 பேருக்கு. கூட்டிப் பாருங்கள், டாலி ஆகிறது.

என் யோசனையெல்லாம் அந்தப் பாரதம் வாசிக்கிறவர் மேல்தான். ஊரே உட்கார்ந்து கேட்கிறது. அவர் சுவடிக்கட்டில் இருப்பதை வரிசையாக வாசிக்கிறார். ஒரு விஷமக்காரன் ராத்திரியோடு ராத்திரியாக நடுவில் ஓர் ஓலையைச் சொருகிவிட்டான் என்று வையுங்கள். ‘கேட்கிற எல்லோரும் காதுத் தோட்டைக் கழற்றித் தூணோரம் வைக்கவும்.’ வாசிப்பவர் நல்லவர். ஆனால் எதையும் யோசிக்காதவர். அதே குரலில் அதையும் வாசித்துவிடுவார். ஜனங்களும் கழற்றிவிடுவார்கள். கோயிலே சொன்ன மாதிரி அல்லவா இருக்கிறது!

இணையத்தில் இந்த ஓலைக்குப் பேர் கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங். சுருக்கமாக எக்ஸ்.எஸ்.எஸ். மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் 2000-ல் வைத்த பேர். உங்கள் பிரவுசர்தான் அந்த வாசிப்பவர். ஒரு பக்கத்தில் எது வந்தாலும் அந்தத் தளமே சொன்னதாக நம்பி நிறைவேற்றும். ‘புடவை நன்றாக இருந்தது’ என்று எழுத வேண்டிய பெட்டியில் ஒருத்தன் நாலு வரி ஜாவாஸ்கிரிப்ட் எழுதி வைத்தால், தளம் அதைத் தடுக்காவிட்டால், பக்கத்தைத் திறக்கிற ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் அது ஓடும்.

காஞ்சிபுரத்தில் பட்டு விற்கும் என் நண்பருக்கு இதுதான் நேர்ந்தது. யாரோ ஒரு பையன் இலவச மென்பொருளை வைத்து வெப்சைட் போட்டுக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டான். அப்புறம் அதை யாரும் தொடவில்லை. ஒருநாள் வெளியூர் அம்மா ஒருவர், மகள் முகூர்த்தப் புடவைக்குப் பணம் கட்டப் போனார். அச்சு அசலாக அதே மாதிரி இன்னொரு பக்கம் வந்தது. பணம் எங்கேயோ போயிற்று. கடையில் எந்தப் பூட்டும் உடையவில்லை, பாஸ்வேர்டும் திருடு போகவில்லை. நண்பர் கைக்காசைப் போட்டுப் புடவையை அனுப்பி வைத்தார். “அவங்க என் கடை வாசல்ல நின்னுதானே சார் ஏமாந்தாங்க?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

சின்னக் கடைதானே, அதனால் இப்படி என்று நினைக்காதீர்கள். 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் தளத்தில் 19 வயதுப் பையன் ஒருவன் தன் பக்கத்தில் இப்படி ஓர் ஓலையைச் சொருகினான். பார்த்தவர்கள் எல்லோரும் தானாகவே அவனுக்கு நண்பர்கள் ஆனார்கள். அவர்கள் பக்கத்திலும் ஓலை முளைத்தது. 20 மணி நேரத்துக்குள் பத்து லட்சம் பேர்! பையன் பேர் சாமி. நம்ம ஊர்ச் சாமி இல்லை, அமெரிக்க சாமி கம்கார். பிறகு கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

ஆர்குட் ஞாபகம் இருக்கிறதா? 2014-ல் மூடிவிட்டார்கள். 2010 செப்டம்பர் 25 அன்று அதில் ‘பொம் சாபாடோ’ என்று செய்தி பரவியது. சாப்பாட்டு விஷயம் என்று நம்மவர்கள் நினைத்திருந்தால் தப்பில்லை. போர்த்துக்கீசிய மொழியில் ‘இனிய சனிக்கிழமை’ என்று அர்த்தம். அதுவும் இதே வித்தைதான்.

இன்று உலகத்து வெப்சைட்டுகளில் பத்துக்கு நாலு வேர்ட்பிரஸ்ஸில் ஓடுகின்றன. 2015 ஏப்ரலில் அதிலேயே ஓட்டை. மிக நீளமான ஒரு பின்னூட்டம் போட்டால் போதும். நிர்வாகி அதைத் திறந்து பார்த்த கணமே ஓலை அவர் அதிகாரத்தில் வேலை செய்யும். அதாவது, வாசிப்பவரை விட்டுவிட்டு தர்மகர்த்தா குரலிலேயே உத்தரவு! சீக்கிரமே அடைத்துவிட்டார்கள். ஆனால் புது வடிவத்தைப் போட்டுக்கொண்டவர்களுக்குத்தான் அது அடைந்தது.

வைத்தியம் எங்கள் காமர்ஸ் பாடத்திலேயே இருக்கிறது. வெளியிலிருந்து வரும் துண்டுச்சீட்டை சரிபார்க்காமல் பேரேட்டில் ஏற்றாதே. வாடிக்கையாளர் எழுதுவதை வெறும் எழுத்தாகத் திரையில் காட்ட வேண்டும். ஒருபோதும் உத்தரவாக ஓடவிடக் கூடாது. புரோகிராம் எழுதுகிறவருக்கு இது பெரிய வேலையே இல்லை. ஒவ்வொரு பெட்டியிலும் மறக்காமல் செய்வதுதான் பெரிய வேலை.

வெப்சைட் வைத்திருக்கும் கடைக்காரர்கள் அதைப் பார்த்துக்கொள்கிற ஆளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “தம்பி, கடைசியா எப்ப அப்டேட் பண்ணினே?” தம்பி தேதி சொன்னால் டீ வாங்கிக் கொடுங்கள். “அதெல்லாம் நல்லாத்தானே ஓடுது” என்றால், உடனே வேறு தம்பியைத் தேடுங்கள்.