நன்றியுரை வேளையில்

நம் சங்கக் கூட்டங்களில் நன்றியுரைக்கு வாய்க்கும் நேரம் யாவரும் அறிந்ததே. தலைவர் முடிவுரை கூறி அமர்ந்ததும் துணைக் காரியதரிசி ஒரு காகிதத்துடன் எழுவார். அக்கணமே சபையும் எழும். குழந்தைகளைத் தேடுவோரும், செருப்பைத் தேடுவோரும், கடைசி மின்ரயிலை எண்ணிக் கடிகாரம் பார்ப்போருமாக மண்டபம் இரைச்சலிட, பந்தல் போட்டவர் முதல் பாத்திரம் துலக்கியவர் வரை அனைவர்க்கும் ஒரே மூச்சில் நன்றி நவிலப்படும். செய்ந்நன்றி அறிதல் என்னும் அதிகாரத்தை இளமையிலேயே மனப்பாடம் செய்த நாம், அதனைச் செருப்பு மாட்டும் நேரத்திற்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.

மும்பையில் நான் சார்ந்திருந்த சங்கமொன்றில் அண்ணாச்சி என்று அனைவராலும் அழைக்கப்பட்ட பெரியவர் ஒருவர் இருந்தார். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். தாராவியில் தோல் பட்டறையில் வேலை. விழா நாளில் விடியுமுன் வந்து ஜமக்காளம் விரிப்பார், தண்ணீர் சுமப்பார், எல்லாரும் சென்றபின் அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டே வீடு திரும்புவார். அவரை எவரும் பணித்ததில்லை. சங்கத்தின் வெள்ளி விழாவில் மேடையிலிருந்தோர்க்குப் பதினெட்டுப் பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. (அவற்றுள் எத்தனை பின்னர் தலையணை உறையாயினவோ!) அண்ணாச்சியின் பெயர் காகிதத்திலும் இல்லை.

மறுவாரமே அலுவல் மாற்றத்தில் நான் நாகபுரி சென்றேன். ஆறு திங்கள் கழித்துத் திரும்பியபோது, அவர் வருவதில்லை என அறிந்து வீடு தேடிப் போனேன். “கோபமா அண்ணாச்சி?” என்றேன்.

“கோபமெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. நான் வரலைங்கிறது யாருக்காவது தெரியுதான்னு பாத்தேன். ஆறு மாசத்தில நீங்க ஒருத்தர்தான் வந்திருக்கீங்க” என்றார். பின்னர் தேநீர் வாங்கிவரச் செய்து, ஊர்ச் செய்திகளைப் பேசிக்கொண்டிருந்தார்.

புகழை விரும்பும் தொண்டு தொண்டாகுமா என்று வினவும் அன்பர்கள் உண்டு. அண்ணாச்சி விரும்பியது புகழன்று. தம் உழைப்பு கணக்கில் உள்ளதா என்பதே அவர் அறிய விழைந்தது. குருதிக் கொடையை எண்ணிப் பாருங்கள். உச்ச நீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பின்படி, 1998 ஜனவரி முதல் நம் நாட்டில் பணத்திற்குக் குருதி தருவது ஒழிக்கப்பட்டது. அன்று தொட்டுக் குருதி வங்கிகள் நோயாளியின் சுற்றத்தாரையும் தன்னார்வலரையுமே நம்பியுள்ளன. ஒருமுறை தந்த ஆண்மகன் மீண்டும் தர 90 நாட்களும், பெண் 120 நாட்களும் பொறுத்தல் வேண்டும். ஆகவே ஒருமுறை வந்தவர் மறுமுறையும் வருதலே பெரிது. சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் நகரில், ஒருவர் தந்த குருதி நோயாளிக்கு ஏற்றப்பட்டதும் அவருடைய கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. அதில் புகழ்ச்சி ஏதும் இல்லை. உம்முடைய கொடை போய்ச் சேர்ந்தது என்னும் தகவலே அது.

1894-இல் நேட்டால் இந்தியக் காங்கிரஸைத் தொடங்கிய காந்தியடிகளும் இத்தகையதொரு நெறியைக் கையாண்டார். பணம் தந்தோர் ரசீதைப் பொருட்படுத்தவில்லை. எனினும் அவர் வற்புறுத்தி ஒவ்வொருவர்க்கும் ரசீது கொடுக்கச் செய்தார். சிறுதொகை தந்தவர்க்கும் தம் காசு ஏட்டில் ஏறியது என்பதற்கு அச்சீட்டுச் சான்றாயிற்று. நம்மில் பலர் இன்று வழங்கும் சான்றிதழ்களோ, பெயர் பிழைபட அச்சாகி, விழா முடிந்தபின் மேசைமேல் அடுக்காகக் கிடக்கின்றன.

எங்கள் சங்கத்தில் இப்போதுள்ள இணைக் காரியதரிசி இளம்பெண்மணி, வங்கி ஊழியர். பொங்கல் விழா முடிந்த வாரம் அவர் அஞ்சலட்டைகளுடன் அமர்கிறார். “தங்கள் சேவை மகத்தானது” என்று எவர்க்கும் எழுதுவதில்லை. “நீங்கள் பரிமாறிய மூன்றாம் பந்தியில் சாம்பார் குறையவில்லை, முதியோர் அனைவரும் அமர்ந்து உண்டனர்” என்பது போன்றே எழுதுகிறார். நன்றியுரையையும் கூட்டத்தின் நடுவே, சிற்றுண்டிக்கு முன்னதாக மாற்றிவிட்டார். அதைக் கேளாமல் எவரும் எழுந்து செல்வதில்லை. சிற்றுண்டியும் அதற்கொரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை.

அண்ணாச்சி மீண்டும் சங்கத்திற்கு வரவில்லை. பட்டறையை விட்டுத் தம் ஊருக்கே போய்விட்டார். அவர் விரித்த ஜமக்காளங்களை இன்று கூலிக்கு ஆள் வைத்து விரிக்கிறோம். அவர்கள் ஒன்பது மணிக்கே வருகிறார்கள்.

சென்ற விழாவில் கோலமிட்டோர், வாகனம் தந்தோர், அரிசி களைந்தோர் ஆகியோரின் பட்டியல் இன்னும் நிறைவுறவில்லை. விடுபட்ட பெயர்களை அறிந்த குடும்பத்தார், அவர்கள் செய்த பணி இன்னதென்பதையும் குறித்து இம்மாத இறுதிக்குள் எழுதி அனுப்பினால் அஞ்சலட்டைகள் தாமதமின்றிப் போய்ச் சேரும்.