தாயைப் பார்த்துக் குட்டியை வாங்குங்கள்

ராஜபாளையத்தில் தலைமுறையாக நாய் வளர்க்கும் பெரியவர் ஒருவரின் தோட்டத்துக்குப் போயிருந்தேன். குட்டியைக் கேட்டால் தாயைக் காட்டினார். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. என்னைக் கண்டதும் உறுமியது. அவர் ஒரு குரல் கொடுத்ததும் அடங்கிப் படுத்தது.

“காவல் நாய்னா உறுமணும் சார், சொன்னா அடங்கவும் செய்யணும். தாய்கிட்ட இல்லாததைக் குட்டிகிட்ட எதிர்பார்க்கக் கூடாது.”

2005இல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நான்கு இந்திய நாயினங்களில் ராஜபாளையமும் ஒன்று. வாங்க வருகிறவர்கள் தூய வெள்ளையையே கேட்கிறார்கள். ஆனால் நிறமியே இல்லாத வெள்ளையோடு பிறவிச் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வருவதுண்டு. நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே இணை சேர்த்தால் இப்படிப்பட்ட குறைகள் மேலும் தலைகாட்டும்.

பெரியவர் ஒரு பெட்டைக் குட்டியை மட்டும் தனியே தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். கூட்டத்தோடு இருந்தால் செவிட்டுக் குட்டியும் மற்றவை திரும்புவதைப் பார்த்துத் திரும்பிவிடுமாம். தூக்கி வந்த குட்டியின் பின்னால் சற்றுத் தள்ளி நின்று சாவிக்கொத்தை ஆட்டினார். தரையைத் தட்டவில்லை, அதிர்வை வைத்தே குட்டி கண்டுகொள்ளும் என்றார். சத்தம் வந்த பக்கம் குட்டி வெடுக்கென்று தலையைத் திருப்பியது. ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் இதில் தெரியாது. அதற்கு மருத்துவப் பரிசோதனைதான் வழி என்பதையும் அவரே சொன்னார்.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். குட்டிகள் பிறந்த நாள், பூச்சி மருந்து கொடுத்த தேதிகள், தடுப்பூசிக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய வில்லைகள், கால்நடை மருத்துவரின் கையெழுத்து எல்லாம் அதில் இருந்தன. பார்வோ என்ற வைரஸ் நோய் கண்டால் குட்டி இரண்டொரு நாளிலேயே செத்துவிடக்கூடும். அதனால் இந்தப் பக்கங்களைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கென மத்திய அரசு 2017இல் விதிகள் வகுத்திருக்கிறது. வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பெட்டை ஆண்டுக்கு ஒரு ஈத்துக்கு மேல் போடக் கூடாது, ஆயுளுக்கு ஐந்துதான். கடிக்கும் வேகத்தை அடக்கிக்கொள்ளக் குட்டிகள் பழகுவது தாயோடும் உடன்பிறப்புகளோடும் விளையாடும் அந்த எட்டு வாரங்களில்தான்.

“பகல்ல வீட்ல ஆள் இருப்பாங்களா? ஓட இடம் இருக்கா? வளர்க்க முடியலைன்னா இங்கயே திருப்பிக் கொண்டு வந்துருவீங்களா?” என்று அவர் என்னைக் கேட்டார். விற்பதற்கு முன் இவ்வளவு விசாரிப்பவரிடம் நம்பி வாங்கலாம்.

பேருந்து நிலையத்தில் வைத்துக் குட்டியைக் கைமாற்றுகிறேன் என்பவரிடமும், தாயைக் காட்ட மறுப்பவரிடமும் வாங்காதீர்கள். பரிதாபப்பட்டு அங்கே ஒன்றை வாங்கினால், அடுத்த ஈத்துக்கு நாமே முன்பணம் கொடுத்ததாகிவிடும். மூக்கின் நிறத்தைக் கேட்பதற்கு முன், காது கேட்கிறதா என்று கேளுங்கள். நாம் கேட்பதைத்தான் வளர்ப்பவர்களும் வளர்ப்பார்கள்.